அல்ஜீப்ரா டைல்ஸ் பெட்டி: எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

மொதல்லயே சொல்லிருதேன், அல்ஜீப்ராக் கணக்கக் கலர் துண்டா அடுக்கிப் பாத்துப் படிக்கிற இந்தப் பெட்டி பெருக்கலுக்கு ரொம்ப அருமை, வகுத்தலுக்குப் பாதி தூரம் கூட வரும், பெருக்கல்ல மைனஸ் வந்துட்டா எடுத்து உள்ள வச்சிரணும். ஏழு, எட்டு, ஒம்பது படிக்கிற பிள்ளைகள் வீட்டுல இருந்தா, இல்லன்னா என்னய மாதிரி சாயங்காலம் டியூஷன் எடுக்கிறவங்களா இருந்தா, வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க. நான் வாங்கும்போது தேடிப் பாத்தேன், தமிழ்ல இதப் பத்தி எதுவும் கண்ணுல படல, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுதேன்.

நமக்குத் திருநெல்வேலி மாவட்டத்துல முக்கூடல் பக்கம். தெருவுல பாதி வீட்டுல பீடி சுத்துவாங்க, மீதிப் பேரு வாழை, நெல்லுன்னு வெவசாயம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடிச்சிட்டு நேரா நம்ம வீட்டு வராண்டாவுக்கு வந்துருங்க. டவுண்ல ரத வீதிப் பக்கமும் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமும் ஸ்டேஷனரி கடைகள்ல கேட்டுப் பாத்தேன், அபாகஸ் எடுத்துக் காட்டுனாங்க, இது இல்ல. பொறவு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். வெல ஐநூறு ரூவாய்க்குக் கொஞ்சம் கீழ. கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா இதே மாதிரிப் பெட்டியப் பல பேரு விக்கிறாங்க, எல்லாத்துக்கும் பொருந்துற விஷயத்தத்தான் சொல்லப் போறேன்.

உள்ள என்ன இருக்கும்னா, ஃபோம்ல வெட்டுன மூணு விதமான துண்டு. பெரிய நீலச் சதுரம், அது எக்ஸ் ஸ்கொயர். நீளமான பச்சக் குச்சி, அது எக்ஸ். சின்ன மஞ்சச் சதுரம், அது ஒண்ணு. எல்லாத்துக்கும் பின்பக்கம் செவப்பு, திருப்பிப் போட்டா மைனஸ். அது போக எல் மாதிரி வளைஞ்ச ஒரு பிளாஸ்டிக் சட்டம், பெருக்க வேண்டியத அதுக்கு வெளிய மேலயும் எடதுபக்கமும் அடுக்கிட்டு உள்ள வர்ற எடத்த நிரப்பணும். இங்கிலீஷ்ல ஒரு துண்டுப் பேப்பரு, அதுல படம் மட்டும் பாத்தாப் போதும்.

இத எதுக்கு வாங்குனேன்னு கேட்டீங்கன்னா, பிள்ளைங்க பெருக்கலையும் கூட்டலையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்புறது தாங்க முடியாமத்தான். எக்ஸ் கூட்டல் எக்ஸ் என்னலேன்னா ரெண்டு எக்ஸ்ங்கும். சரி எக்ஸ் இன்டு எக்ஸ்? அதுவும் ரெண்டு எக்ஸ்தான்க்கான்னு முகத்தப் பாத்துத் தைரியமாச் சொல்லும். மூணு எக்ஸையும் ரெண்டு எக்ஸையும் பெருக்கச் சொன்னா ஒரே பெஞ்சுல ஆறு எக்ஸ், அஞ்சு எக்ஸ், அஞ்சு எக்ஸ் ஸ்கொயர்னு மூணு விட வரும், ஆறு எக்ஸ் ஸ்கொயர்னு ஒண்ணு கூடச் சொல்லாது. ஆனா சூத்திரம் மட்டும் எல்லாத்துக்கும் மனப்பாடம், பெருக்குனா பவரக் கூட்டு, வகுத்தா பவரக் கழின்னு பாட்டு மாதிரி ஒப்பிக்கும். கூட்டுங்கிற வார்த்த மட்டும் மண்டைல நின்னுட்டு, ரெண்டு எக்ஸ் க்யூப்ப மூணு எக்ஸ் ஸ்கொயரால பெருக்கச் சொன்னா முன்னாடி நிக்கிற ரெண்டையும் மூணையும் சேத்துக் கூட்டி அஞ்சு எக்ஸ் பவர் அஞ்சுன்னு எழுதி வச்சிருக்கும். ஆறு எக்ஸ் பவர் அஞ்சுன்னு வரணும். கெழுவப் பெருக்கணும், அடுக்க மட்டும்தான் கூட்டணும்னு நானும் சிலேட்டுல எழுதி எழுதிக் காட்டியாச்சி, அன்னைக்குச் சரியாப் போடும், மறுவாரம் பழைய குருடி கதவத் தொறடின்னு வந்து நிக்கும்.

இந்த எடத்துலதான் டைல்ஸ் காசுக்கு வேல பாத்திருக்கு. ஏழாங்கிளாஸ் பிள்ள ஒருத்தி, ரெண்டு எக்ஸ்தான்னு சாதிச்சவ, அவ கையில ரெண்டு பச்சக் குச்சியக் குடுத்து கூட்டிக் காட்டுளான்னேன், பக்கத்துல பக்கத்துல வச்சா. இப்பம் பெருக்கு, ஒண்ணச் சட்டத்துக்கு மேல வையி, ஒண்ணச் சைடுல வையி, உள்ள எந்தத் துண்டு சரியா உக்காரும்னு பாருன்னேன். மொதல்ல பச்சக் குச்சியவே ரெண்டு வச்சா, நீளம் சரியா வந்துச்சு ஆனா கீழ எடம் காலியாக் கெடந்துச்சு, இன்னொண்ணு வச்சா, இன்னமும் காலி, பொறவு அவளே நீலச் சதுரத்த எடுத்து வச்சா, கும்முனு போயி உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, "இது வேற சைஸுல்லாக்கா"ன்னா. அவ்வளவுதான், அந்தப் பிள்ள அதுக்குப் பொறவு எக்ஸ் ஸ்கொயரையும் ரெண்டு எக்ஸையும் கொழப்பல. அவுங்க அப்பாவுக்கு ரெண்டு மரக்கா வெதப்பாடு வயல் இருக்கு, அவகிட்ட நான் சொன்னது, வரப்போட நீளம் வேற வயலோட பரப்பு வேற, வரப்ப ரெண்டு தடவ நடந்தா வயலு கெடைக்காதுன்னு.

எக்ஸையும் எக்ஸ் கூட்டல் 3ஐயும் பெருக்கும்போதும் இதே மாதிரிதான். பாதிப் பிள்ளைகள் எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 3ன்னு எழுதும், எக்ஸ மொத உறுப்போட மட்டும் பெருக்கிட்டு அடுத்தத அம்போன்னு விட்டுரும். பங்கீட்டுப் பண்புன்னு போர்டுல எழுதுனா யாரு காதுலயும் ஏறாது. சட்டத்துல நீலத்துக்குப் பக்கத்துல மூணு மஞ்சளத்தான் வச்சேன்னா கீழ பெரிய ஓட்ட தெரியுது, அந்த எடத்துல மூணு பச்ச நிக்க வச்சாத்தான் அடையுது. ஓட்ட இருந்தா விட தப்புன்னு பிள்ளையே கண்டுபுடிச்சிருது, நான் வாயத் தொறக்க வேண்டாம். அடுத்து எக்ஸ் கூட்டல் 2, எக்ஸ் கூட்டல் 3 ரெண்டையும் பெருக்கச் சொன்னேன். ஒரு நீலம், மூணு பச்ச நிமுந்து, ரெண்டு பச்ச படுத்து, மூலைல ஆறு மஞ்சள், ஆக எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 5 எக்ஸ் கூட்டல் 6. நடுவுல அந்த 5 எக்ஸ் எங்க இருந்து வந்துச்சுன்னு எட்டாங்கிளாஸ்ல முக்காவாசிப் பிள்ளைக்குத் தெரியாது, இதுல கையால தொட்டுக் காட்டுது.

இது ஒண்ணும் புதுசாக் கண்டுபுடிச்ச வழியும் இல்ல. 9ஆம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி, அல்ஜீப்ராங்கிற பேரே அவரு நூலோட தலைப்புல இருந்துதான் வந்துச்சு, அவரு இருபடிச் சமன்பாட்ட விளக்குனதே சதுரமும் செவ்வகமும் வரஞ்சுதான். அன்னைக்கு எக்ஸ், ஒய்யின்னு எழுத்துல எழுதுற வழக்கமெல்லாம் கெடையாது, எல்லாம் வார்த்தையும் படமும்தான். அதனால யாராவது இது சின்னப்பிள்ள வெளையாட்டு, நேரா சூத்திரத்தப் போட்டுப் பழக்குங்கன்னு சொன்னா நம்பாதீங்க.

இப்பம் வகுத்தல். பெட்டி விக்கிறவங்க போட்டிருக்க வெளம்பரத்துல பெருக்கல், வகுத்தல் ரெண்டும் சொல்லிக் குடுக்கலாம்னு ஒரே வரில முடிச்சிருக்காங்க, அது அப்படி இல்ல. நம்பரால வகுக்கிறதுக்கு நல்லா ஓடுது. 2 எக்ஸ் கூட்டல் 6ஐ 2 ஆல வகுன்னா எல்லாப் பயலும் மேல உள்ள 2ஐயும் கீழ உள்ள 2ஐயும் அடிச்சிட்டு எக்ஸ் கூட்டல் 6ன்னு எழுதிருவான். ரெண்டு பச்சையும் ஆறு மஞ்சளும் குடுத்து, லே இத ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிச்சிக் குடுன்னா, ஆளுக்கொரு பச்ச, ஆளுக்கு மூணு மஞ்சள், எக்ஸ் கூட்டல் 3. ஆறையும் பிரிக்கணும்னு அவனுக்கே தெரியுது, ஏன்னா மஞ்சளு பூராவையும் ஒருத்தனே எடுத்துக்கிட்டா இன்னொருத்தன் சண்டைக்கு வந்துருவாம்லா.

எக்ஸால வகுக்கும்போது செவ்வகத்தத் திருப்பி யோசிக்கணும், பரப்பு தெரியும், ஒரு பக்கம் தெரியும், இன்னொரு பக்கம் என்னன்னு தேடணும். 6 எக்ஸை 2 எக்ஸால வகுக்கணும்னா, ஆறு பச்சக் குச்சியப் படுக்கப் போட்டு, வரிக்கு ரெண்டு குச்சி நீளவாக்குல வச்சா மூணு வரி வருது, விட 3. எக்ஸே இல்லாம வெறும் 3 வந்தது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம், எக்ஸ் எங்கக்கா போச்சுன்னு கேட்டாங்க. எங்கயும் போகல, ரெண்டு எக்ஸ் நீளம் எத்தன வரி அடுக்கியிருக்குன்னுதான கேட்டோம், எண்ணிக்கையில எக்ஸ் எதுக்குன்னு அங்கனயே சொல்லிக் குடுத்தாச்சி. அதே மாதிரி எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 5 எக்ஸ் கூட்டல் 6ஐக் கையில குடுத்து, ஒரு பக்கம் எக்ஸ் கூட்டல் 2 வர்ற மாதிரி செவ்வகமா அடுக்குங்கன்னா ஒரு கால் மணி நேரம் சத்தமே இருக்காது, அடுக்கிக் கலச்சு அடுக்கிக் கலச்சு கடைசில அடுத்த பக்கம் எக்ஸ் கூட்டல் 3ன்னு எடுத்துருவாங்க. காரணிப்படுத்துறது, வகுக்கிறது, பெருக்குறது மூணும் ஒரே செவ்வகத்த மூணு பக்கம் நின்னு பாக்குறதுதான்னு அன்னைக்குத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு வெளங்கிச்சு.

எக்ஸ் கூட்டல் 6ஐ எக்ஸால வகு. இது ஒண்ணு போதும் பெட்டியோட அருமையச் சொல்ல. பேப்பர்ல குடுத்தா எக்ஸையும் எக்ஸையும் அடிச்சிட்டு விட 6ன்னு வரும். டைல்ஸ்ல ஒரு பச்சக் குச்சி இருக்கு, ஆறு மஞ்சள் இருக்கு, ஒரு பக்கம் எக்ஸ் நீளம் வர்ற மாதிரி அடுக்கச் சொன்னா பச்சக் குச்சி ஒரு வரியா உக்காந்துரும், ஆறு மஞ்சளும் அந்த நீளத்துக்குச் சரியாப் பொருந்தாது. பொருந்தல, அப்பம் அடிக்கவும் முடியாது, 1 கூட்டல் 6 பை எக்ஸ்னு அப்படியேதான் விடணும். பெருக்கல்ல சேந்து நிக்கிறதத்தான் அடிக்கலாம், கூட்டல்ல நிக்கிறத அடிக்கக் கூடாதுங்கிறது இப்பம் வெறும் கட்டளையா இல்ல, கண்ணு முன்னாடி கெடக்கு. பத்தாங்கிளாஸ்ல விகிதமுறு கோவைகளச் சுருக்கச் சொல்லுவாங்க, மேல எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 5 எக்ஸ் கூட்டல் 6, கீழ எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 4 எக்ஸ் கூட்டல் 4ன்னு வந்தா, ரெண்டு எக்ஸ் ஸ்கொயரையும் கோடு போட்டு அடிக்கிற பிள்ளைய நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டையும் காரணியாப் பிரிச்சி பொதுவா உள்ள எக்ஸ் கூட்டல் 2ஐ அடிச்சா எக்ஸ் கூட்டல் 3, கீழ எக்ஸ் கூட்டல் 2ன்னு முடியும். பப்ளிக் பரிச்சைல மார்க்கு போறது இந்த மாதிரி எடத்துலதான், அடித்தளம் எட்டாங்கிளாஸ்லயே ஆட்டம் கண்டிருக்கும்.

சரி, கொற என்னன்னு பாப்போம். நான் வாங்குன பெட்டில பெரிய கொற, பச்சக் குச்சியோட நீளம் சரியா அஞ்சு மஞ்சளுக்குச் சமமா இருக்கு. இது சாதாரண விஷயம் இல்ல, எக்ஸ்னா எந்த நம்பரா வேணும்னாலும் இருக்கலாங்கிறதுதான அடிப்படை, குச்சிய மஞ்சளால அளந்து பாத்த பயலுவ, அக்கா எக்ஸ்னா அஞ்சுக்கா கண்டுபுடிச்சிட்டோம்னு கத்துதானுவ. ஒருத்தன் எக்ஸ் கூட்டல் 2 இன்டு எக்ஸ் கூட்டல் 3க்கு விட 56ன்னே சொல்லிட்டான். எக்ஸ் 5ஆ இருந்தா 56 சரிதான், 25ம் 25ம் 6ம். ஆனா அது ஒரு எக்ஸுக்கான விட, கேட்டது எல்லா எக்ஸுக்கும். நல்ல டைல்ஸ்ல குச்சி மஞ்சளுக்கு முழு மடங்கா வராம வேணும்னே வெட்டியிருப்பாங்க. வாங்குறதுக்கு முன்னாடி படத்தப் பெருசாக்கி இத மட்டும் கண்டிப்பாப் பாருங்க, மத்ததெல்லாம் சமாளிச்சிக்கலாம்.

அடுத்தது எண்ணிக்க. நீலச் சதுரம் நாலுதான் இருக்கு. ரெண்டு எக்ஸ மூணு எக்ஸால பெருக்கிக் காட்டணும்னா ஆறு வேணும், இங்கயே பெட்டி படுத்துருது. பிள்ளைகள் கொழப்புற முக்கியமான கணக்கே அதுதான், அதுக்கே பத்தாதுன்னா என்ன செய்ய, மிச்சத்துக்கு அட்டைல வெட்டிச் சேத்தேன். ஒரு பெட்டிய வச்சி ரெண்டு பிள்ளைக்கு மேல ஒரே நேரத்துல சொல்லிக் குடுக்க முடியாது.

ஃபோம் ரொம்ப லேசு. நம்ம ஊருல ஆனி ஆடில அடிக்கிற சாரக்காத்து உங்களுக்குத் தெரியும், வராண்டால உக்காந்தா ஒரு துண்டு தரைல நிக்காது, உள்ள போயி ஃபேனப் போட்டாலும் அதே கத. ஒரு பிள்ள வீட்டுல இருந்து அவுங்கம்மா பீடி சுத்துற பழைய சொளவ எடுத்துட்டு வந்துச்சு, அதுல விளிம்பு இருக்கதால காத்துக்குத் துண்டு பறக்கல, இப்பம் டைல்ஸுக்குன்னே ரெண்டு சொளவு தனியா வச்சிருக்கோம். பிளாஸ்டிக்ல, இல்லன்னா காந்தம் ஒட்டுனதா கெடச்சா அதையே வாங்குங்க, வெல கூட ஆகும்.

மைனஸுக்குச் செவப்புப் பக்கம். கூட்டல் கழித்தலுக்கு நல்லாருக்கு, ஒரு பச்சையும் ஒரு செவப்புக் குச்சியும் சேந்தா சைபர், ரெண்டையும் எடுத்துரலாம். பெருக்கும்போது மைனஸ் எக்ஸும் மைனஸ் எக்ஸும் சேந்து நீலச் சதுரம் வரும்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்கு, ரெண்டு தடவ திருப்புங்கன்னு. ஏன் திருப்பணும்னு ஒரு பிள்ள கேட்டா டைல்ஸ்ல அதுக்குப் பதில் கெடையாது, மைனஸ் நீளம்னு ஒரு குச்சி எங்க இருக்கு. நான் இதுக்குப் பெட்டிய மூடிட்டு, மைனஸ் 3 இன்டு 2, இன்டு 1, இன்டு 0ன்னு வரிசையா எழுதச் சொல்லுவேன், மைனஸ் 6, மைனஸ் 3, 0, ஒவ்வொரு படிக்கும் மூணு மூணாக் கூடுது, அடுத்து இன்டு மைனஸ் 1 வந்தா என்ன வரணும்னு கேட்டா பிள்ளையே பிளஸ் 3ன்னு சொல்லிரும். அது போதும்.

பவர் பெருசாகும்போதும் பெட்டிய விட்டுரணும். எக்ஸ் ஸ்கொயர் வரைக்கும் பரப்பு, எக்ஸ் க்யூப்னா கன அளவு, கட்டை வேணும், எக்ஸ் பவர் 4க்கு எதையும் கையில எடுத்துக் காட்ட முடியாது. பழைய காலத்துக் கணித ஆளுங்களுக்கே இந்தத் தடங்கல் இருந்துச்சு. 1637ல பிரெஞ்சுக் கணித அறிஞர் டெக்கார்ட்டு எழுதுன வடிவியல் நூல்லதான், ரெண்டு நீளத்தப் பெருக்குனா பரப்புதான் வரணும்னு கட்டாயம் இல்ல, அதையும் ஒரு நீளமாவே வச்சிக்கலாம்னு காட்டி, பவர எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்க வழி பண்ணுனாரு. எக்ஸ் மேல குட்டியா 3, 4ன்னு நாம இன்னைக்கு எழுதுற அந்த முறையும் அந்த நூல்லயே இருக்கு. அவரே ஸ்கொயருக்கு மட்டும் பல எடத்துல எக்ஸ் எக்ஸ்னு ரெண்டு தடவ எழுதியிருப்பாரு.

அந்த எக்ஸ் எக்ஸ்ங்கிறதுதான் டைல்ஸுக்கு அடுத்த படி. எக்ஸ் பவர் 5ஐ எக்ஸ் ஸ்கொயரால வகுன்னா, மேல அஞ்சு எக்ஸ் வரிசையா எழுது, கீழ ரெண்டு எழுது, ஜோடி ஜோடியா அடி, மூணு மிச்சம், எக்ஸ் க்யூப். பவரக் கழிக்கிறது இதோட சுருக்கம்தான். 12 எக்ஸ் க்யூப் ஒய் ஸ்கொயர 4 எக்ஸ் ஒய்யால வகுக்கணும்னா நம்பரத் தனியா, எக்ஸத் தனியா, ஒய்யத் தனியா எடுத்துக்க, 3, எக்ஸ் ஸ்கொயர், ஒய், சேத்தா 3 எக்ஸ் ஸ்கொயர் ஒய். எக்ஸ் க்யூப்ப எக்ஸ் க்யூப்பால வகுத்தா எல்லாம் அடிபட்டு 1, பவரக் கழிச்சா எக்ஸ் பவர் 0, அதனால எக்ஸ் பவர் 0ன்னா 1, மனப்பாடமே வேண்டாம். இதுல எக்ஸ் சைபரா இருக்கக் கூடாதுங்கிறதக் கண்டிப்பாச் சொல்லிக் குடுங்க, ஏன்னா டைல்ஸ் அத மறைச்சிரும், கையில நீளமா ஒரு குச்சி இருக்கும்போது அதோட நீளம் சைபர்னு எந்தப் பிள்ளைக்கும் தோணாது.

ஆக எனக்கு இந்தப் பெட்டி மேல அஞ்சுக்கு மூணரை ஸ்டார். முறைக்குக் குடுக்கணும்னா அஞ்சு குடுப்பேன், கொறச்சது பூரா செஞ்ச விதத்துக்கு. காசு செலவழிக்க வேண்டாம்னு நெனைக்கிறவங்க தினசரி காலண்டரோட பின்னட்டைய எடுத்து வீட்டுலயே வெட்டிக்கலாம், நான் இப்பம் பிள்ளைகளுக்கு அதத்தான் வெட்டிக் குடுத்திருக்கேன், காத்துக்கும் பறக்கல. மஞ்சள் 2 சென்டிமீட்டர் சதுரம், எக்ஸ் குச்சி 9.3க்கு 2, பெரிய சதுரம் 9.3க்கு 9.3, இந்த அளவுல வெட்டுனா எக்ஸ் மஞ்சளுக்கு முழு மடங்கா வராது. ஒரு பிள்ளைக்குப் பெரிய சதுரம் ஆறு, குச்சி பன்னெண்டு, மஞ்சள் இருபது இருந்தாத் தாராளம், ஸ்கெட்ச் பேனால கலர் அடிச்சிக்கங்க. எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ஒய்யும் வேணும், அது நான் வாங்குன பெட்டில இல்லவே இல்ல, அதுக்கு 6.7க்கு 2ன்னு ஒரு குச்சி, 6.7க்கு 6.7 சதுரம் ஒண்ணு, எக்ஸ் ஒய்க்கு 9.3க்கு 6.7ன்னு ஒரு செவ்வகம், மூணும் வேற வேற கலர்ல வெட்டுங்க.